முதுகு காட்டாத வேட்டைநாய்

என் தங்கை லெட்டிஸின் கணவர் இப்போது உயிரோடு இல்லை. இறந்தவரைக் குறைத்துப் பேசுவது நாகரிகமன்று என்பதை அறிவேன். ஆகையால் கூடுமானவரை மரியாதையுடனேயே தொடங்குகிறேன்: சர் ஹோரஸ் கிரேல் அவர்கள் ஒரு முட்டாள்.

அவர் புதிதாக வாங்கிய மாளிகைக்கு நான் முதன்முறையாகச் சென்றது, பெரும்போர் முடிந்த அடுத்த ஆண்டு, நவம்பர் மாதத்தில். ரயில் நிலையத்தில் நான் ஏறிய குதிரை வண்டி, நனைந்து கிடந்த இலைகளின் மீது ஓசையின்றி மேடேறிக்கொண்டிருந்தது. வேல்ஸ் பக்கத்துக் குன்றுகளிலிருந்து இறங்கிய மூடுபனி, பிற்பகலிலேயே வெளிச்சத்தை விழுங்கிவிட்டிருந்தது. வாயில் தூண்கள் இரண்டின் மீதும் இரண்டு கல் வேட்டைநாய்கள் படுத்திருந்தன. அவற்றின் தோளில் செதுக்கியிருந்த ஐந்து முனை நட்சத்திரங்களுக்கு அண்மையில்தான் பொன்பூச்சுப் பூசியிருந்தார்கள். பாசி படிந்த அந்தப் பழங்கல்லின் மீது அது பிணத்துக்குப் போட்ட அரிதாரம் போலிருந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் என்னை வரவேற்றது ஒரு வாடை. மழையில் நனைந்த நாயின் வாடை.

என் மேலங்கியை வாங்கிக்கொண்ட வீட்டு மேற்பார்வையாளர் மிஸஸ் டிப்பெட்டிடம், வீட்டில் நாய் இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டேன்.

"நாயா? இந்த வீட்லயா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஐயாவுக்கு நாய்னாலே ஆகாதுங்க. தெருவுல ஒண்ணு போனாக்கூட இங்க தும்ம ஆரம்பிச்சுருவாரு. கண்ணு செவந்து, மொகம் வீங்கி... பார்க்கச் சகிக்காது."

கடைசி இரண்டு சொற்களை அந்த அம்மாள் சற்றுக் கூடுதலான நிறைவோடு சொன்னதாக எனக்குப் பட்டது.

வீட்டின் உட்புறத்தில் எங்கோ ஒரு பெரிய தும்மல் கேட்டது.

"தூசிங்க," என்றாள் மிஸஸ் டிப்பெட், முகம் மாறாமல். "தூசின்னுதான் சொல்லணும்னு ஐயா சொல்லியிருக்காரு."

சர் ஹோரஸின் செல்வம் எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் அவர் படைக்கு மாட்டிறைச்சியைத் தகர டப்பாக்களில் அடைத்து விற்றார். எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி கைல்ஸ், போர்முனைச் சேற்றில் இருந்துகொண்டு எழுதிய கடிதமொன்றில், எலிகள்கூட அந்த டப்பாவை முகர்ந்துவிட்டு விலகிப் போகின்றன என்று குறிப்பிட்டிருந்தான். கைல்ஸ் திரும்பி வரவில்லை. டப்பாக்காரருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. எங்கள் வீட்டின் மூன்றாவதும் கடைசியுமான குழந்தை லெட்டிஸை அவர் மணந்துகொண்டார். அதன்பின், வாரிசின்றி அழிந்துபோன ஒரு பழங்குடும்பத்தின் இந்த மாளிகையை வாங்கினார். அந்தக் குடும்பத்தின் பெயரும் கிரேல்.

பெயர் ஒன்றென்றால் குலச்சின்னமும் ஒன்றே என்று எண்ணுவது, நம் நாட்டில் திடீர்ப் பணக்காரர்களுக்கு வரும் ஒரு நோய். சின்னம் என்பது ஒரு மனிதருக்கு அளிக்கப்பட்டு, அவர் வாரிசு வழியில் இறங்குவது. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக இன்னொருவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. சர் ஹோரஸ் சட்டையை மட்டுமா மாட்டினார்? தட்டு, கரண்டி, கதவுப்பிடி, குளியலறைச் சோப்பு எல்லாவற்றிலும் அந்த நாயைப் பதித்துவிட்டிருந்தார். மாட்டிறைச்சி டப்பாவிலும் அது படுத்திருந்தது.

கூடத்தின் கணப்படுப்புக்கு மேலே மூலச் சின்னம் இருந்தது. ஒரே கல்லில் செதுக்கிய கேடயம், அதற்குள் முன்னங்கால்களை நீட்டிப் படுத்த வேட்டைநாய், தோளில் நட்சத்திரம். சின்னங்களில் வரும் எல்லா மிருகங்களையும் போலவே அதுவும், பார்ப்பவருக்கு இடப்புறமாக முகம் வைத்திருந்தது. அதற்கு வலப்புறம் ஒரு புதிய மரப்பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் பச்சை நிறப் பின்னணியில் ஒரு வெள்ளை முயல். முயலும் இடப்புறமே பார்த்தது. ஆக, அதன் கண்ணெதிரே இருந்தது நாயின் பின்புறம்.

அன்று மாலை உணவு மேசையில் எங்களோடு ஸ்டெயின்ஃபோர்த் என்பவரும் இருந்தார். குலச்சின்னங்களை ஆராய்ந்து பதியும் லண்டன் அலுவலகத்திலிருந்து, சர் ஹோரஸின் உரிமையைச் சோதிக்க வந்தவர். மெலிந்த உடல், பஞ்சு போன்ற குரல்.

"நாய்னா விசுவாசம், மச்சான்," என்று சர் ஹோரஸ், ஆட்டிறைச்சியை மென்றபடி எனக்குப் பாடம் நடத்தினார். "நட்சத்திரம்னா ஆண்டவனோட கடாட்சம். சிலுவைப் போர்ல எங்க பாட்டன் ஒருத்தர் பாலைவனத்துல வழி தெரியாம நின்னப்போ, வானத்துலருந்து நட்சத்திரம் எறங்கி அவரோட நாய் தோள்ல ஒக்காந்துச்சு. இதெல்லாம் ரத்தத்துல வரணும். வாத்தியார் வேலை பார்க்கிறவனுக்கு எங்க புரியப்போவுது?"

அவருடைய பாட்டனார் பிரிஸ்டல் சந்தையில் பன்றிக் குளம்புகளை வேகவைத்து விற்றவர் என்பதை நினைவூட்டுவது விருந்தாளிக்கு அழகல்ல. நான் உருளைக்கிழங்கை நறுக்கினேன்.

"நட்சத்திரம் மூணாவது பிள்ளையோட அடையாளம், சர் ஹோரஸ்," என்றார் ஸ்டெயின்ஃபோர்த். "ரெண்டாவது பிள்ளைக்குப் பிறை. மூணாவதுக்கு நட்சத்திரம். நாலாவதுக்குக் காலில்லாத ஒரு குருவி. நிலத்துல பங்கு வராது, நிக்க எடமில்ல, அதனால காலும் கெடையாது. வானத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. வீட்ல நீங்க எத்தனாவது?"

"நான் ஒத்தைப் பிள்ளை."

"அப்படிங்களா," என்றார் அவர்.

அத்தனை இகழ்ச்சியை அத்தனை மென்மையான ஒரு சொல்லில் அடைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அந்த முயல் யாரோடது?" என்று அவரே மீண்டும் கேட்டார்.

"என் வீட்டுக்காரியோடது. அவங்க குடும்பத்துக்குச் சின்னமேது? நானாப் பார்த்துப் போட்டது. அவ மூஞ்சியையும் முயலையும் மாறி மாறிப் பாருங்க. பொருத்தமா இல்ல?"

லெட்டிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேற்பற்கள் சற்று முன்தள்ளியவை. சிறுவயதில் நானும் கைல்ஸும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதுண்டு.

ஸ்டெயின்ஃபோர்த் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மனைவியோட கேடயம் பக்கத்துல இருந்தா, கணவரோட மிருகத்தை அவங்க பக்கம் திருப்பி வைக்கணுங்க. முதுகு காட்டக் கூடாது. அது ஒரு மரியாதை. பழைய கிரேல் குடும்பம் அதுல ரொம்பக் கண்டிப்பு. இங்க சர்ச்சுல அவங்க கல்லறைகளைப் பாருங்க. ஒண்ணுகூடத் தவறியிருக்காது." சற்று நிறுத்தினார். "ஒண்ணைத் தவிர."

"என் நாயி பொண்டாட்டிக்குத் தலையைத் திருப்பாதுய்யா. முயலு வேணும்னா நாயோட பின்னாடியப் பார்த்துட்டுக் கெடக்கட்டும். பொம்பளைக்கு அதான் எடம்." தம் நகைச்சுவையைத் தாமே ரசித்துச் சிரித்தார் சர் ஹோரஸ். சிரிப்பு பாதியில் தும்மலாக மாறியது.

மறுநாள் காலை ஸ்டெயின்ஃபோர்த் என்னைத் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். உள்ளே ஈரக்கல்லும் மெழுகும் மணத்தன. சுவரெங்கும் கிரேல்களின் நினைவுக் கற்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கேடயங்கள். ஒவ்வொரு நாயும் தன் இடத்தில் படுத்தபடி மனைவியின் கேடயத்தை நோக்கியிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் அத்தனை நாய்கள், அத்தனை பணிவான முகங்கள். கோட்டை கட்டி ஊரை அடித்துத் தின்ற கூட்டம், கல்லில் மட்டும் நாகரிகம் பழகியிருந்தது.

மூலையில் ஒரு கல்லில் மனைவியின் கேடயத்தில் மட்டும் சின்னம் இருந்தது. கணவரின் கேடயம் வெறுமை.

"தடவிப் பாருங்க," என்றார் அவர்.

தடவினேன். உளி பட்ட சுவடே இல்லை. நெடுநாள் நக்கித் தேய்த்த எலும்பைப் போல வழுவழுவென்று இருந்தது.

"இந்த ஆளு பொண்டாட்டியை அடிக்கிறவராம். எப்படிச் செத்தார்னு யாரும் எழுதி வைக்கல. எழுதத் தெரியாம இல்ல," என்று சொல்லிவிட்டு ஸ்டெயின்ஃபோர்த் தொப்பியை அணிந்துகொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது, கூடத்தில் எல்லோரும் அண்ணாந்து நின்றிருந்தார்கள்.

நாயின் தலை திரும்பியிருந்தது.

உடல் இடப்புறமாகவே படுத்திருக்க, கழுத்து மட்டும் முறுக்கி வளைந்து, முகம் முயலை நோக்கியிருந்தது.

"எவன் வேலைடா இது?" சர் ஹோரஸின் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. "மச்சான், நீயா?"

"மன்னிக்கணும் மாப்பிள்ளை, எனக்கு ஏணியைப் பார்த்தாலே தலை சுத்தும்," என்றேன்.

கொத்தனாரை வரவழைத்தார்கள். அவர் ஏணியில் நின்று கழுத்தைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "ஒட்டு எதுவும் இல்லீங்க. பொறந்ததுலருந்து இப்படித்தான் இருந்துருக்கு," என்று சொல்லிவிட்டு, கூலியைக்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்.

சர் ஹோரஸ் தோல்வியை ஏற்பவரல்லர். முயல் பலகையைக் கழற்றி, கேடயத்துக்கு இடப்புறத்தில் மாட்டச் செய்தார். இப்போது நாயின் பிடரி மீண்டும் முயலுக்கு எதிரே இருந்தது. "எப்படி? மூளைன்னு ஒண்ணு இருக்கணும்," என்று நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டு உணவுக்குச் சென்றார். ஒரு கல்லுடன் போட்டியிட்டு வென்ற மகிழ்ச்சியில் அவர் இரண்டு தட்டு பிளம் புட்டிங் சாப்பிட்டார்.

உண்டு முடித்து வந்தோம்.

நாய் இடப்புறம் பார்த்தது.

இப்போது அது படுத்திருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்திருந்தது. மூடியிருந்த வாய் சற்றுத் திறந்து, நாக்கின் நுனி தெரிந்தது.

ஸ்டெயின்ஃபோர்த் மரியாதை என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு வேட்டைநாய் முயலை உற்றுப் பார்ப்பதற்கு மரியாதை ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டுமா? அந்த எண்ணம் எனக்குள் நுழைந்ததும் லெட்டிஸைத் தேடிப் புறப்பட்டேன். அந்த முயல் என் தங்கை.

துணிகள் மடித்து வைக்கும் அறையில் அவளைத் தனியாகக் கண்டேன்.

"லெட்டிஸ், இன்னிக்கே எங்கூட வந்துடு."

"எங்கண்ணா? ஒன் பள்ளிக்கூட விடுதிக்கா? அங்க ஒரு கட்டிலும் ரெண்டு லத்தீன் அகராதியுந்தானே இருக்கு. நான் அகராதி மேல படுக்கணுமா?"

"வெளையாடாத. அது எழுந்து ஒக்காந்துடுச்சு."

"தெரியும்." விரிப்பை மடித்து நீவினாள். சட்டையின் கைப்பட்டை விலகியபோது, மணிக்கட்டில் நான்கு விரல்களின் நீலத்தடம் தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள், பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாங்க இங்க வந்த நாள்லருந்து அது எம்பின்னாடி வருதுண்ணா. நடைவழியில நகம் படுற சத்தம் கேக்கும். நான் நின்னா நிக்கும். மொதல்ல பயந்து கதவைத் தாழ் போட்டுக்குவேன்."

"இப்ப?"

"இப்பக் கொஞ்சம் தெறந்து வெச்சுடறேன்," என்றாள். "வெளிய குளிருமில்ல."

"ஒனக்கென்ன பைத்தியமா? அது நாய். ஒம்பேர்ல அங்க மாட்டியிருக்கறது முயல்."

"அண்ணனும் தங்கச்சியும் என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே திட்டம் போடுறீங்களோ?"

வாசலில் சர் ஹோரஸ் நின்றிருந்தார். அவர் லெட்டிஸின் அதே மணிக்கட்டைப் பற்றி, கூடத்துக்கு இழுத்துச் சென்றார். நான் பின்னாலேயே ஓடினேன். "மாப்பிள்ளை, தயவுசெஞ்சு... மாப்பிள்ளை, கொஞ்சம் கேளுங்க," என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை. கூடத்தில் ஸ்டெயின்ஃபோர்த்தும், விளக்கேற்ற வந்த மிஸஸ் டிப்பெட்டும் சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

அவர் மனைவியின் கையை உதறிவிட்டு, நாற்காலி மீதேறி முயல் பலகையைப் பிடுங்கினார். முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். நெருப்பில் எறிந்தார்.

"இப்ப எதைப் பார்க்கும் அது? சொல்லுங்கடா, எதைப் பார்க்கும்?"

சாயம் கொப்பளித்து எரிந்தது. புகை மெல்ல மேலேறியது. எங்கள் கண்களும் அதோடு மேலேறின.

கேடயத்துக்குள் ஒன்றுமில்லை.

கல் வழுவழுவென்று இருந்தது.

சன்னலுக்கு வெளியே பனி வெளுத்து, உள்ளே இருள் தடித்துக்கொண்டிருந்தது. ஈர நாயின் வாடை, மூச்சை அடைக்கும் அளவுக்கு எழுந்தது.

டக். டக். டக்.

கல் தரையில் நகங்கள்.

அவசரமே இல்லாத நடை. அது லெட்டிஸை நோக்கி வந்தது. அவள் அசையவில்லை. அவளுடைய பாவாடையின் ஒரு புறம், பெரிய உடலொன்று உரசிச் செல்வதைப் போல, உள்ளே அமுங்கியது. அவள் கை தானாகத் தாழ்ந்தது. விரல்கள் விரிந்து, காற்றில், இடுப்புயரத்தில், எதையோ ஒருமுறை தடவிக்கொடுத்தன.

அந்த ஓசை அவளைக் கடந்தது.

சர் ஹோரஸ் தும்மினார்.

"தூசி," என்றார். அவர் குரல் மெலிந்திருந்தது. "தூசிதான்."

மீண்டும் தும்மினார். ஓரடி பின்வாங்கினார். அவருடைய கண்ணிமைகள் எங்கள் கண்ணெதிரிலேயே வீங்கின. இன்னொரு தும்மல். திரும்பிப் படிகளில் ஓடினார். மேலே அறைக்கதவு அறைந்து மூடும் ஓசையும், தாழ் விழும் ஓசையும் கேட்டன.

நகங்கள் படியேறின. ஒவ்வொரு படியாக, நிதானமாக.

கதவருகே நின்றன.

உள்ளே நுழையுமுன் அனுமதி கேட்பது நல்ல வளர்ப்பின் அடையாளம். கதவை அது ஒரே ஒருமுறை, மெதுவாகப் பிராண்டியது.

தாழ் திறந்த ஓசை எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அறைக்குள் தும்மல்கள் தொடங்கின. ஒன்றன் மேல் ஒன்றாக, மூச்சுவிட இடமின்றி, தளம் அதிரும்படி. மிஸஸ் டிப்பெட் என் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகு ஒரு தும்மலின் முதற்பாதி மட்டும் கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும் பாதி.

அடுத்த பாதிக்காக நாங்கள் காத்திருந்தோம்.

அது வரவில்லை.

தோட்டக்காரரும் வண்டிக்காரரும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். அவர் கதவுக்கு முதுகு காட்டி, முழந்தாளிட்டபடி, கட்டில் மீது சாய்ந்திருந்தார். அவருடைய முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

முகமும் எங்கள் பக்கம் இருந்தது.

சிவந்த கண்கள் திறந்தபடி, வாசலில் நின்ற லெட்டிஸையே பார்த்துக்கொண்டிருந்தன. மணமான நாள் முதல் அவர் மனைவியின் பக்கம் அவ்வளவு முழுமையாகத் தலை திருப்பியது அதுதான் முதல்முறை என்று எண்ணுகிறேன். மருத்துவர் நல்ல மனிதர். மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, தேநீர்கூட அருந்தாமல் கிளம்பினார்.

இறந்தவரின் சின்னத்தைச் சாய்சதுரப் பலகையில் எழுதி வாயிலுக்கு மேலே தொங்கவிடுவது இத்தகைய வீடுகளின் வழக்கம். கணவர் இறந்து மனைவி இருந்தால், கணவரின் பாதிக்குக் கறுப்புப் பின்னணி. மனைவியின் பாதிக்கு வெள்ளை. ஸ்டெயின்ஃபோர்த் ஓவியரிடம் கணவரின் பாதியை வெறுங்கறுப்பாக விடச் சொன்னார். "உரிமை இல்லாததை எப்படிங்க வரையறது?" என்றார், தமக்கே உரிய அந்தப் பஞ்சுக் குரலில். மனைவியின் வெள்ளைப் பாதியில் முயலை மட்டும் எழுதினார்கள்.

மறுநாள் காலை மிஸஸ் டிப்பெட் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

முயலின் காலடியில் நாய் படுத்திருந்தது. முகம் முயலை நோக்கியிருந்தது. முதுகு அந்தக் கறுப்புப் பாதிக்குக் காட்டப்பட்டிருந்தது. அதன் தோளில் நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் முயலின் தோளில் இருந்தது.

ஆம்ப்ரோஸ் என்கிற நான், கைல்ஸ், லெட்டிஸ். எங்கள் வீட்டின் மூன்றாவது பிள்ளை. குலச்சின்ன வரிசையில் பெண்களை யாரும் எண்ணுவதில்லை.

அது எண்ணியிருந்தது.

அதன் பிறகு காலம் நிறையக் கடந்துவிட்டது. பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றபின், லெட்டிஸ் அழைத்ததன் பேரில் நானும் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். கணப்படுப்பின் மேலே நாய் பழையபடி படுத்திருக்கிறது. மேசைக் கரண்டிகளிலும் படுத்திருக்கிறது. எந்தக் கரண்டியை எங்கே வைத்தாலும், சற்று நேரத்தில் லெட்டிஸ் அமர்ந்திருக்கும் பக்கமாக அதன் முகம் இருக்கும். எனக்கு எப்போதும் முதுகுதான். அதை அவமதிப்பாக நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. அந்த முதுகைக் கண்டு நான் மிகுந்த நன்றியுடன் காலையுணவு உண்டு வந்தேன்.

சென்ற ஞாயிறன்று லெட்டிஸ், வீட்டின் கிழக்குப் பகுதியை இடித்துவிட்டு ஆப்பிள் மரங்கள் வைக்கப்போவதாகச் சொன்னாள். எனக்கு வயதாகிவிட்டது, முட்டையும் அன்று சரியாக வேகவில்லை.

"ஒனக்கென்ன தெரியும் முயலே? பேசாம டீயைக் குடி," என்றேன்.

அவள் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். கோபமாகத் தெரியவில்லை. என் கையிலிருந்த கரண்டியைத்தான் பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.

நாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். தங்கையிடம் ஒருமுறை. கரண்டியிடம் ஒருமுறை.

"அதுக்கு மெதுவாத்தாண்ணா கோவம் போகும்," என்றாள் லெட்டிஸ், ரொட்டியைக் கையிலெடுத்தபடி.

மீண்டும் குனிந்தபோது, கரண்டியிலிருந்த கேடயம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. மேசைக்கு அடியில், ஈரமான, கனமான ஒரு முகவாய் என் முழங்கால் மீது மெல்ல வந்து அமர்ந்தது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் எழுந்தால், அதற்கு முதுகு காட்ட வேண்டியிருக்கும்.